நூறு சதவீத அடைப்பு: மாத்திரையா, ஸ்டென்ட்டா, பைபாஸா?

ஆஞ்சியோ முடித்து வெளியே வரும் டாக்டர், "வலது பக்கக் குழாயில் நூறு சதவீத அடைப்பு இருக்குதுங்க, ஆனா கொலாட்டரல் நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். காத்திருக்கும் குடும்பத்தின் காதில் முதல் பாதிதான் விழும். நூறு என்றால் முழுக்க அடைத்துவிட்டதே, அப்புறம் இந்த மனுஷர் எப்படி உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்? ஈரோட்டிலிருந்து வந்த மாமன் உடனே திறந்துவிடச் சொல்வார். திருப்பூர் மருமகன் கோயமுத்தூர் போய் பைபாஸ் செய்துவிடலாம் என்பார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், "எனக்கும் இதையேதான் சொன்னாங்க, எட்டு வருசமா மாத்திரைலயே ஓடுதுங்க" என்பார். மூன்று பேர் சொல்வதிலும் உண்மை உண்டு. மூன்றும் வெவ்வேறு வகை நோயாளிகளுக்குப் பொருந்துகிற உண்மை, அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். நெஞ்சு வலி வந்து, இசிஜி மாறி, மாரடைப்பு என்று உறுதியான நேரத்தில் இந்த ஒப்பீடு எதுவும் செல்லாது. அப்போது 108-ஐக் கூப்பிட்டு எவ்வளவு சீக்கிரம் குழாயைத் திறக்கிறோமோ அவ்வளவு தசை பிழைக்கும். இங்கே பேசுவது பழைய அடைப்பைப் பற்றி. குறைந்தது மூன்று மாதமாவது முழுதாக மூடிக் கிடக்கும் குழாயைத்தான் மருத்துவர்கள் நாள்பட்ட முழு அடைப்பு என்கிறார்கள். பெரும்பாலும் வேறு எதற்கோ ஆஞ்சியோ செய்யும்போது இது தெரிய வரும்.

கொலாட்டரல் என்பவை, அதாவது அடைத்த குழாய்க்குப் பக்கத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் பக்கவழிகள், புதிதாக முளைத்த குழாய்கள் அல்ல. இதயத்தின் மூன்று பெரிய குழாய்களுக்கு நடுவே மெல்லிய இணைப்புகள் பிறவியிலேயே பலருக்கு உண்டு. ஒரு குழாய் மெல்ல மெல்லச் சுருங்கும்போது அதன் கீழ்ப்பகுதியில் அழுத்தம் குறைகிறது. பக்கத்துக் குழாயிலிருந்து ரத்தம் இந்த இணைப்புகள் வழியாக அந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது. ஓட்டம் கூடக் கூட அதன் உராய்வே சுவரைத் தடிக்க வைத்து, குழாயை அகலமாக்குகிறது. இதற்கு வாரங்களும் மாதங்களும் வேண்டும். அதனால்தான் திடீரென்று கட்டி அடைத்தவருக்கு மாரடைப்பு வருகிறது, ஆண்டுக்கணக்கில் அடைத்தவர் தெரியாமலே நடமாடுகிறார். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு வராது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அடைப்பே இல்லாதவர்களின் குழாயை ஒரு நிமிடம் பலூனால் மூடிப் பார்த்தார்கள். ஏறக்குறைய நான்கில் அல்லது ஐந்தில் ஒருவருக்கு இசிஜியில் மாற்றமே இல்லை. அவர்களுக்கு இந்தப் பக்கவழி பிறவியிலேயே போதுமான அளவில் இருந்திருக்கிறது.

கீழ்பவானி ஆயக்கட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தன் கிளை வாய்க்காலில் தண்ணீர் விடாத போகத்திலும், பக்கத்து வாய்க்காலின் கசிவில் கிணறு ஊறும். அதை வைத்து சோளமும் தீவனமும் காப்பாற்றலாம், மாட்டுக்குத் தண்ணி காட்டலாம். நெல்லோ மஞ்சளோ போட முடியாது. கொலாட்டரலும் அப்படித்தான். உட்கார்ந்திருக்கும்போது இதயத் தசையைச் சாகாமல் வைத்திருக்கும். மேட்டில் ஏறும்போது, மூட்டை தூக்கும்போது கேட்கிற அளவுக்குப் பெரும்பாலும் கொடுக்காது.

இது வெறும் ஊகம் அல்ல. 2014-இல் வந்த ஓர் ஆய்வில் இப்படி அடைத்த குழாய் உள்ள 50 பேரிடம், அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தம் அதற்கு முன்னால் உள்ள அழுத்தத்தில் எவ்வளவு பங்கு என்று அளந்தார்கள். ரத்தக் குறைவு என்று சொல்வதற்கான எல்லை 0.80. ஐம்பது பேருமே அதற்குக் கீழே இருந்தார்கள், கொலாட்டரல் நன்றாகத் தெரிந்தவர்கள் உட்பட. ரிப்போர்ட்டில் 'ரென்ட்ராப் 3' என்று போட்டிருந்தால் குடும்பமே சந்தோஷப்படும். அந்த 0 முதல் 3 வரையிலான மதிப்பெண் சொல்வது, மருந்துச் சாயம் பக்கவழியாக வந்து அடைத்த குழாயை எவ்வளவு நிரப்புகிறது என்பதை மட்டும்தான். வேலை செய்யும்போது ரத்தம் போதுமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நல்ல கொலாட்டரல் உள்ள இதய நோயாளிகள் இல்லாதவர்களைவிடக் கூடுதலாகப் பிழைக்கிறார்கள். ஆக அது போதாத பாதுகாப்பு, ஆனால் உண்மையான பாதுகாப்பு.

இனி, முடிவெடுக்கும்போது யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் கம்பிவலை) வைத்தால் கொலாட்டரல் என்ன ஆகும்?

சுருங்கிவிடும். நேர்வழியில் ரத்தம் பாய ஆரம்பித்ததும் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகிவிடுகிறது. பக்கவழியில் ஓட ரத்தத்துக்குக் காரணமே இல்லை. திறந்த அன்றைக்கே, ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் மேசையிலேயே, அதன் திறன் குறைவதை அளக்க முடிகிறது. மாதங்கள் போகப் போக இன்னும் குறைகிறது. ஜெர்மனியில் இப்படித் திறந்தவர்களை 5 மாதம் கழித்து மறுபடியும் அளந்து 2003-இல் வெளியிட்டார்கள். அந்த நேரத்தில் ஸ்டென்ட் திடீரென்று மூடினால், தாக்குப்பிடிக்கிற அளவு கொலாட்டரல் ஐந்தில் ஒருவருக்குக்கூட இல்லை. மெதுவாக மறுபடி சுருங்கினால் கதை வேறு. பழைய இணைப்புகள் மீண்டும் வேலைக்கு வர நேரம் கிடைக்கும். திடீர் ரத்தக் கட்டிதான் ஆபத்து.

ஆக, பத்து வருடமாகச் சத்தமில்லாமல் அடைத்துக் கிடந்த குழாய், திறந்த பிறகு மூடினால் மாரடைப்பாக வரலாம். இதற்காகத் திறக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல ஸ்டென்ட் வைத்து, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் அப்படி மூடுவது அரிது. ஆனால் ஸ்டென்ட் வைக்கச் சம்மதிக்கும்போதே ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் (அல்லது டைகாக்ரெலார்) சேர்த்து ஆறு மாதம் முதல் ஒரு வருடம், அதற்கப்புறம் ஒன்றை ஆயுசுக்கும் என்று கையெழுத்துப் போடுகிறோம். பல் பிடுங்கப் போகிறேன் என்றும், விரதம் என்றும், ஊருக்குப் போன இடத்தில் தீர்ந்துவிட்டது என்றும் நிறுத்துகிறவர்களுக்கு இந்த ஒப்பந்தம் ஒத்துவராது. அப்படிப்பட்டவர் நம் வீட்டில் யார் என்று நமக்குத்தான் தெரியும், டாக்டருக்குத் தெரியாது.

சரி, மாத்திரையை மட்டும் நம்பினால்?

ஆயுள் என்ற ஒரே கேள்விக்கு, இதுவரை நடந்த பெரிய சோதனைகளில் மாத்திரையின் பக்கம் தோற்கவில்லை. மாரடைப்பு வந்து 3 முதல் 28 நாள் ஆகியும் மூடியே இருந்த குழாயைத் திறப்பதா விடுவதா என்று 2,166 பேரிடம் சோதித்த ஓ.ஏ.டி. ஆய்வு 2006-இல் வந்தது. திறந்தவர்களுக்கு இறப்போ மறு மாரடைப்போ இதயச் செயலிழப்போ குறையவில்லை. நாள்பட்ட அடைப்புக்கென்றே ஆசியாவில், கொரியர்கள் தலைமையில், 815 பேரிடம் நடந்த டிசிஷன்-சி.டி.ஓ. ஆய்வு 2019-இல் வெளியானது. சுமார் 4 ஆண்டுகளில் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம், மறு சிகிச்சை எல்லாம் சேர்த்து ஒரு பக்கம் 22.3 சதவீதம், மறுபக்கம் 22.4. அதில் குறைகள் உண்டு. போதிய ஆள் சேராமல் பாதியில் நிறுத்தினார்கள். மாத்திரைப் பக்கம் போனவர்களில் ஐந்தில் ஒருவர் கடைசியில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டார். வந்தவர்களில் பலருக்குத் தொந்தரவே லேசானது. இருந்தாலும், 'திறக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து' என்று பயமுறுத்துகிறவருக்கு இந்த ஆய்வு சாதகமாக இல்லை.

மாத்திரை என்றால் சும்மா இருப்பது இல்லை. ஸ்டாட்டினை முழு அளவில் கொடுத்து கெட்ட கொழுப்பை 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர், வலியைத் தடுக்கும் நைட்ரேட், சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள். பீடி, சிகரெட் கட்டாயம் நிற்க வேண்டும். நோம்பிக்கு நோம்பி கிடாய் வெட்டி மூன்று நாளும் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, மாத்திரை பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. கொலாட்டரலை உண்மையில் கூட்டுவதாக அளந்து காட்டிய விஷயங்களில் நடையும் சைக்கிளும் உண்டு. 2016-இல் ஜெர்மனியில் 60 பேரை வைத்து நடத்திய எக்ஸைட் ஆய்வில், நான்கே வாரப் பயிற்சியில் பக்கவழி ஓட்டத்தின் அளவு சுமார் 40 சதவீதம் கூடியது. வாரம் 6 மணி நேரம் மிதமாகச் செய்தவர்களும், 10 மணி நேரம் கடுமையாகச் செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே பலன் பெற்றார்கள். டாக்டர் சொன்ன அளவில், கண்காணிப்போடு தொடங்க வேண்டிய விஷயம் இது.

மாத்திரைத் தரப்பில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அது நம் ஊரில் ரொம்பவே அதிகம். "எனக்கு ஒரு வலியும் இல்லைங்க" என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் தோட்டத்துக்கு நடந்து போனவர் இப்போது டிவிஎஸ் 50-இல் போகிறார். தேங்காய் பொறுக்க ஆள் வைத்துவிட்டார். தறிக்குடோனில் பீம் தூக்குவதைப் பையனுக்கு விட்டுவிட்டார். மேட்டுக்காட்டில் ஏறும்போது நின்று வருவதை 'வயசாயிருச்சு' என்று கணக்கில் எழுதிவிட்டார். நெஞ்சை அழுத்தினால் வாயு என்று ஜெலுசில் குடித்திருப்பார். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே தெரியாமல் மூச்சு மட்டும் வாங்கும். இவரிடம் வலி உண்டா என்று கேட்பதில் பயனில்லை. போன தைப்பூசத்துக்கு பழனிக்கு நடந்தாரா, இந்த வருடம் ஏன் நடக்கவில்லை என்று கேட்க வேண்டும். அப்புறம் ஸ்ட்ரெஸ் எக்கோ (இதயத்தை உழைக்க வைத்து எடுக்கும் ஸ்கேன்) செய்து, அந்தப் பகுதித் தசைக்கு எவ்வளவு ரத்தக் குறைவு, அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செத்த தசைக்கு வழி திறந்து பிரயோஜனமில்லை.

மாத்திரை முழு அளவில் போட்டும் மூச்சு வாங்கினால் ஸ்டென்ட்டின் நியாயம் தொடங்குகிறது. 2018-இல் வந்த யூரோ-சி.டி.ஓ. ஆய்வில் 396 பேர். ஒரு வருடம் கழித்து நெஞ்சுவலி அறவே இல்லாதவர்கள் ஸ்டென்ட் பக்கம் 71.6 சதவீதம், மாத்திரைப் பக்கம் 57.8. தினசரி வேலைகளும் சுலபமாகின. யாருக்கு எது செய்தோம் என்பது நோயாளிக்குத் தெரிந்தே நடந்த ஆய்வு இது என்பதால், 'செய்துகொண்டோம்' என்ற நம்பிக்கையும் அந்த எண்ணில் கொஞ்சம் கலந்திருக்கும். அதைக் கழித்தாலும் பலன் மீதி இருக்கும் என்றே நினைக்கிறேன். சாயப்பட்டறையில் நாள் முழுக்க நிற்கிறவர், பனியன் கம்பெனியில் இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறவர், காட்டு வேலை செய்து சாப்பிடுகிறவர் ஆகியோருக்கு இந்த வித்தியாசம் கூலியில் தெரியும்.

ஆனால் இது, பலூன் விட்டு ஸ்டென்ட் வைக்கும் சாதாரண ஆஞ்சியோபிளாஸ்டி அல்ல. அடைப்பு பழையது, முனை கெட்டித்துப் போயிருக்கும். குழாய் அதிகமாக வளைந்திருக்கிறதா, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, அடைப்பின் வாய் மழுங்கியிருக்கிறதா, நீளம் 20 மில்லிமீட்டருக்கு மேலா, முன்பே ஒருமுறை முயன்று தோற்றதா என்று ஐந்து கேள்விக்கு மதிப்பெண் போடும் ஜே-சி.டி.ஓ. என்ற ஜப்பானிய அளவுகோல் இருக்கிறது. மதிப்பெண் ஏற ஏற வேலை கடினம். கைதேர்ந்தவர்களிடம் 85 முதல் 90 சதவீதம் வெற்றி. பெரிய சிக்கல் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு வரும். குழாய் ஓட்டையாகி இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்குவதும் அதில் சேரும். நேராகப் போக முடியாவிட்டால் கம்பியைப் பக்கத்துக் குழாய்க்குள் விட்டு, கொலாட்டரல் வழியாகவே ஊர்ந்து, அடைப்பின் பின்பக்கத்திலிருந்து வரும் முறையும் உண்டு. இவ்வளவு நாள் உயிர் காத்த பக்கவழியே அன்றைக்குக் கம்பிக்குப் பாதை ஆகிறது. இதெல்லாம் எல்லா ஊரிலும் தினமும் நடக்கும் வேலை இல்லை. 'மாதத்தில் எத்தனை முழு அடைப்பு திறக்கிறீங்க?' என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பைபாஸ் எப்போது? ஒரே குழாயில் முழு அடைப்பு, மற்றதெல்லாம் சுத்தம் என்றால் அதற்காக மட்டும் நெஞ்சைத் திறக்க நான் அவசரப்பட மாட்டேன். சர்க்கரையும் இருந்து, மூன்று குழாயிலும் அடைப்பு இருந்தால் கணக்கு மாறுகிறது. 1,900 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஃப்ரீடம் ஆய்வில் (2012) ஐந்து வருடத்தில் இறப்பு ஸ்டென்ட் பக்கம் 16.3 சதவீதம், பைபாஸ் பக்கம் 10.9. பக்கவாதம் மட்டும் பைபாஸில் கூடுதல். இதயத்தின் பம்ப் சக்தி 35 சதவீதம் அல்லது அதற்கும் கீழே போனவர்களுக்கு, ஸ்டிச் ஆய்வின் பத்து வருடக் கணக்கில் மாத்திரையைவிடப் பைபாஸ் ஆயுளைக் கூட்டியது. அதே வகை நோயாளிகளில் ஸ்டென்ட்டைச் சோதித்த ரிவைவ்ட் ஆய்வில் (2022) அந்த லாபம் தெரியவில்லை.

நெஞ்சுக்கூட்டிலிருந்து எடுக்கும் தமனியை முன்பக்கக் குழாயில் சேர்த்தால் பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது திறந்திருக்கும். காலிலிருந்து எடுக்கும் சிரையில் ஏறக்குறைய பாதி மூடிவிடும். இன்னொன்று, பைபாஸ் செய்தால் எல்லா அடைப்புக்கும் மாற்று வழி கிடைத்துவிடும் என்பதும் இல்லை. சின்டாக்ஸ் ஆய்வில் முழுதாக அடைத்திருந்த குழாய்களில் சுமார் மூன்றில் இரண்டுக்குத்தான் இணைப்பு போட முடிந்தது. கீழே குழாய் மெலிந்து போயிருந்தால் தைக்க இடம் இருக்காது. எந்தக் குழாய்க்கு இணைப்பு போடப் போகிறார்கள், எதை விடப் போகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். மார்பெலும்பு கூட இரண்டு மாதமாவது ஆகும், அது வரை பைக் ஓட்டுவதும் பாரம் தூக்குவதும் இல்லை. மஞ்சள் வெட்டு நேரத்தில் வீட்டில் ஒரே ஆண் என்றால் இதுவும் கணக்குதான்.

மாத்திரையே போதும் என்று நான் சாய்ந்துவிடும் பல நோயாளிகளில், ஒரு விவரம் தெரிந்தால் மனம் மாறிவிடுவேன். கொலாட்டரல் எந்தக் குழாயிலிருந்து வருகிறது, அந்தக் குழாய் எப்படி இருக்கிறது? வலது குழாய் முழுக்க அடைத்து, அதற்கு ரத்தம் கொடுக்கும் முன்பக்கக் குழாயிலும் 70 சதவீதம் அடைப்பு என்றால், ஒரு குழாய் இரண்டு குடும்பத்தைத் தாங்குகிறது. அது ஒரு நாள் மூடினால் இரண்டு பகுதியும் ஒரே நேரத்தில் போகும். இவருக்கு வெறும் காத்திருப்பு சரியல்ல. கொடுக்கும் குழாயைச் சரிசெய்வதா, இரண்டையுமா, பைபாஸா என்பது அப்புறம் பேசலாம். ஏதாவது செய்தே ஆக வேண்டும்.

நாலாவதாக ஒன்றை விற்கிறார்கள்: காலில் பட்டை கட்டி அழுத்தும் ஈ.ஈ.சி.பி., 'ஆபரேஷன் இல்லாத பைபாஸ்' என்ற விளம்பரத்தோடு. வழக்கமாக 35 மணி நேரம், ஏழு வாரம். எந்தச் சிகிச்சையும் செய்ய முடியாத நிலையில் வலி தீராதவர்களில் சிலருக்கு ஆறுதல் தரும். பைபாஸுக்கு மாற்று என்பதற்கு ஆதாரம் இல்லை. இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, வினிகர், தேன் காய்ச்சிய வாட்ஸ்அப் கஷாயம் அடைப்பைக் கரைக்காது. ரசத்தில் போட்டுச் சாப்பிடுங்கள்.

செலவைப் பார்த்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை உண்டு, ஆஞ்சியோபிளாஸ்டியும் பைபாஸும் அதில் வரும். கோவை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேத் லேப் இருக்கிறது. தனியாரில் போனால், மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் என்று உச்ச விலை வைத்ததால் அதன் விலை முன்பு போல லட்சத்தில் இல்லை. ஆனால் முழு அடைப்பைத் திறக்கும்போது கம்பிகள், பலூன், நுண்குழாய் எல்லாம் தனித்தனியாகப் பில்லில் ஏறும். ஒன்றுக்கு மேல் ஸ்டென்ட் வைப்பதும் சகஜம். திறக்க முடியாமல் போனாலும் இந்தச் செலவு நிற்காது. அதையும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாளவாடி, பர்கூர், வால்பாறை மாதிரி மலை ஊர்களில் இருப்பவர், ஸ்டென்ட் மூடினால் எத்தனை மணி நேரத்தில் கேத் லேப் போய்ச் சேர்வார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கடைசியாக, ஆஞ்சியோ மேசையில் படுத்திருக்கும்போதே 'இப்பவே திறந்துடலாமா, கையெழுத்து போடுங்க' என்று கேட்டால், பழைய முழு அடைப்புக்கு அந்த அவசரம் தேவையில்லை. மாதக்கணக்கில் மூடியிருந்த குழாய்க்கு இரண்டு வாரத்தில் ஒன்றும் ஆகாது. இதைத் தனியாகத் திட்டமிட்டுச் செய்வதே நல்ல பழக்கம். நீண்ட நேரம் பிடிக்கும், கதிர்வீச்சும் சாயமும் அதிகம். ஆஞ்சியோ படம் பதிந்த சிடியையும் எக்கோ ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி இன்னொரு இதய மருத்துவரிடமும், மூன்று குழாய் பிரச்சினை என்றால் ஓர் அறுவை மருத்துவரிடமும் காட்டுங்கள். போகும்போது கிரியேட்டினின் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் ஏற்கனவே தளர்ந்திருந்தால் சாயத்தின் அளவை வைத்தே சில மருத்துவர்கள் இதை இரண்டு தடவையாகப் பிரித்துச் செய்வார்கள்.